என் பல்லுக்கு நானே ஊசி போட்ட கதை

பல் டாக்டர்களுக்கும் பல் வலிக்கும். இதை வெளியே சொல்ல எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு கூச்சம் உண்டு. வருகிறவர்களிடமெல்லாம் "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டிடுங்க" என்று சொல்லிக்கொண்டே, என் பல்லை நான்கு வருடமாக யாரிடமும் காட்டாமல் இருந்தவள் நான். காட்ட ஆள் இல்லை என்பது ஒரு காரணம். ஆள் இல்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லை என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணம்தான் என்னை இருநூறு பல் டாக்டர்கள் முன்னால் எச்சில் ஒழுக உட்கார வைத்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கொல்லிமலை மேல் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மெஸ்ஸுக்கு மேலே மாடியில் கிளினிக் வைத்திருந்தேன். ஒரு நாற்காலி, ஒரு கம்ப்ரஸர், பின்னால் ஓர் அறை. அந்த அறையில்தான் குடியிருப்பு. ராசிபுரத்தில் இருக்கும் அம்மா, "மலை மேல போயி எதுக்குக் கண்ணு கடை போடற?" என்று கேட்டபோது, மலைமக்களுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று நீளமாகப் பேசிவிட்டு ஏறி வந்திருந்தேன். (கீழே எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு பல் டாக்டர் போர்டு தொங்கியது என்பதும் உண்மை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.)

மலைமக்களுக்கோ பல் நன்றாக இருந்தது. கேழ்வரகும் சாமையும் தின்று வளர்ந்த பற்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் அது கூட்டம். உதவிக்கு இருந்த செல்வி கல்யாணமாகி மலையின் இன்னொரு பக்கம் அரியூர் நாட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சாயந்திரம் நான்கு மணிக்கு மேல் பனி இறங்கி என் போர்டை மூடிவிட்டால், மறுநாள் காலை வரை யாரோடும் பேச்சு கிடையாது. நான் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியோடு பேச ஆரம்பித்தேன். "இன்னைக்கு ரெண்டே பேருதான்டா" என்பேன். துடைக்கும்போது "கொஞ்சம் தலையைத் தூக்கு" என்பேன். பட்டனை அழுத்தினால் தூக்கும். பதில் சொல்வதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் தொழிலில் படிப்பு முடிந்தாலும் வகுப்பு முடியாது. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். அப்படி ஒன்று இணையத்தில் வந்தது. காலையில் பணியிடப் பாதுகாப்பு, மத்தியானம் வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால். பெயர் கொடுத்த இரண்டாவது நாள் வகுப்பை நடத்தும் பேராசிரியர் போன் செய்தார்.

"நீங்க ஒருத்தரே கிளினிக் நடத்தறீங்கன்னு எழுதியிருக்கீங்களே. தனியா வேலை செய்யற டாக்டர் பாதுகாப்பை எப்படிப் பார்த்துக்கணும்னு ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமா?"

பத்து நிமிடம். இருநூறு பேர். அவர்கள் நடுவில் கொட்டாவி விட்டாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். எனக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா? "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்ல நினைத்து, "சரி சார், சரி சார், சரி சார்" என்று மூன்று தடவை சொன்னேன்.

ஒரு வாரம் தயார் செய்தேன். நாற்காலியை எதிரே நிமிர்த்தி உட்காரவைத்து, அதன் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். என் பேச்சின் முதல் விதி: ஊசியைப் பயன்படுத்திய பிறகு ஒரு கையில் ஊசியும் மறு கையில் மூடியுமாக வைத்து மூடாதீர்கள், கையில் குத்திக்கொள்வீர்கள். இரண்டாவது விதி: அப்படிக் குத்திக்கொண்டால் உடனே விபத்துத் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை நானே கட்டம் போட்டு, அழகாக அச்சடித்துச் சுவரில் மாட்டினேன். மூன்றாவது விதி: உடம்பு சரியில்லாதபோது வேலை செய்யாதீர்கள்.

அந்த வாரம்தான் பல் வலி ஆரம்பித்தது. கீழ்வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீருக்குச் சுருக்கென்றது. பிறகு சுடுதண்ணீருக்கு. பிறகு தண்ணீரே இல்லாமல். வேறு யாராவது இந்தக் கதையோடு வந்திருந்தால் "நரம்பு வரைக்கும் போயிருச்சுங்க, ரூட் கெனால் பண்ணணும், தள்ளிப்போடாதீங்க" என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொன்னது, "பேச்சு முடியட்டும்."

கீழே மெஸ் நடத்தும் நல்லம்மா அக்காவுக்கு நான்காம் நாளே சந்தேகம் வந்துவிட்டது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சொந்தக் காட்டில் மரவள்ளி போட்டிருந்தார். குரல் பஸ் ஹாரனுக்குச் சமம்.

"ஏனுங்க டாக்டரம்மா, சோறு வேண்டாங்கறீங்க, கஞ்சி கேக்கறீங்க. பல்லு கில்லு வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லைக்கா. வயிறு சரியில்லை."

"வயிறு சரியில்லாதவங்க எதுக்குச் சாமி கன்னத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

கஞ்சியோடு மாடி ஏறிவிட்டேன். தினமும் போன் செய்யும் அம்மாவிடமும் "நல்லா இருக்கேன்" என்றேன். பல் டாக்டர் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று செம்மேடு முழுக்கத் தெரிந்தால் வருகிற இரண்டு பேரும் வரமாட்டார்களே என்பது வெளியே நான் வைத்திருந்த கணக்கு. உண்மையில், யாராவது "ஐயோ, பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அங்கேயே உடைந்து அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

வகுப்பு நாள் விடிந்தது. வலியில் இடது காதும் இடது கண்ணும் சேர்ந்து துடித்தன. வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு உயிர் போகிறது. பத்தரை மணிக்கு வகுப்பு, பதினோரு மணிக்கு என் பேச்சு. ஒன்பதரைக்கு ஒரு யோசனை வந்தது. வலிக்கிற பக்கம் மட்டும் ஒரு மரப்பு ஊசி போட்டுக்கொண்டால் என்ன? எத்தனையோ பேருக்குப் போட்ட கை. இரண்டு மணி நேரம் தாங்கும். உதடு ஒரு பக்கம் கொஞ்சம் கனக்கும்; மெதுவாகப் பேசினால் சமாளித்துவிடலாம்.

கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று, வாயைப் பிளந்து, ஊசியை எடுத்தேன்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் சொல்ல வேண்டும். பல் டாக்டர் நோயாளிக்கு எதிரே நிற்கும்போது, நோயாளியின் இடது பக்கம் டாக்டரின் வலது கைப் பக்கம் இருக்கும். ஐந்து வருடம் படித்து, நான்கு வருடம் வேலை செய்து, இது என் கைக்கு மூளையைக் கேட்காமலேயே தெரியும். கண்ணாடியில் எதிரே ஒரு முகம். அதற்கு இடது பக்கம் வலி. என் கை மிகுந்த அனுபவத்தோடு வலது பக்கம் போய், மிகச் சரியான இடத்தில், மிகச் சரியான ஆழத்தில் ஊசியை இறக்கியது.

ஐந்து நிமிடத்தில் வலது பக்கம் உதடு, நாக்கு, தாடை எல்லாம் அருமையாக மரத்துப்போயின. என் வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமாக ஓர் ஊசி போட்டதில்லை. இடது பக்கம் பல் அப்படியே தெறித்துக்கொண்டிருந்தது.

புத்தியுள்ள ஒருத்தி அத்தோடு நிறுத்தியிருப்பாள். நான் இடது பக்கமும் போட்டேன்.

வலி நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைத்த அந்த நிம்மதியில், இடது கையில் மூடியை எடுத்து ஊசியை மூடப் போனேன். கட்டைவிரலில் குத்தியது.

என்ன செய்வேன்? விதி விதிதானே. கையைக் கழுவிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த விபத்துத் தாளை எடுத்து நிரப்பினேன். காயம்பட்டவர்: நான். ஊசி யாருக்குப் போடப்பட்டது: எனக்கு. போட்டவர்: நான். முதலுதவி செய்தவர்: நான். கடைசிக் கட்டத்தில் 'உடனிருந்தவர்' என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டம் போட்டபோது எனக்கு அது ஒரு சாதாரணக் கட்டமாகத்தான் தெரிந்தது. கோடு போட்டுவிட்டு எழுந்தேன். அப்போதுதான் மேஜை மேல் இருந்த தாளில் ஒரு சொட்டு எச்சில் விழுந்ததைப் பார்த்தேன். என்னுடையதுதான். கீழ் உதடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

பேசிப் பார்த்தேன். 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. 'ஆதுகாஹு' என்று வந்தது. இன்னும் கவனமாகச் சொன்னேன். 'ஆதுகாஹ்ஹு.'

வேறு வழியில்லை, சிக்னல் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க வேண்டியதுதான். மழை பெய்தால் போகும், காற்றடித்தால் போகும், சும்மாவே போகும் எங்கள் மலைச் சிக்னல் அன்றைக்குப் பார்த்து எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. மடிக்கணினியை மூடிவிடலாம் என்று கை வைத்த நேரத்தில், பதினோரு மணிக்கு இன்னும் கால் மணி இருக்கும்போதே, பேராசிரியரின் குரல் கேட்டது.

"முன்னால பேச வேண்டியவருக்கு லைன் கிடைக்கலை. அதனால கொல்லிமலையில இருந்து நம்ம டாக்டர் இப்பவே பேசறாங்க. மலை மேல ஒத்தையா நின்னு வேலை செய்யறவங்க. வாங்க டாக்டர்!"

என் முகம் திரை முழுக்க வந்தது.

"எல்லாருக்குங் அணக்கங்" என்றேன்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"டாக்டர், குரல் தெளிவா இல்லை. இன்னொரு தடவை?"

"ஆதுகாஹ்ஹு..." என்று தொடங்கினேன். வெள்ளைக் கோட்டில் எச்சில் நூலாக இறங்கியது. எனக்குத் தெரியவில்லை, இருநூறு பேருக்கும் தெரிந்தது.

"டாக்டர்! கொஞ்சம் சிரிங்க!" என்றார் அவர், குரல் மாறி.

எதற்குச் சிரிக்கச் சொல்கிறார் என்று புரியாமல் சிரிக்க முயன்றேன். முகத்தில் கீழ்ப்பாதி என்னுடன் வரவில்லை.

"ரெண்டு கையையும் தூக்குங்க!"

போலீஸைப் பார்த்த திருடனைப்போல் இரண்டு கையையும் தூக்கினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கவாதம் வந்திருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்! திரையின் ஓரத்தில் செய்திகள் ஓடின. 'ஸ்ட்ரோக்.' 'பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?' '108 கூப்பிடுங்கள்.' 'கூப்பிட்டாச்சு.'

"இல்ல சார்" என்று கத்தினேன். "அரஹு ஊசி! அரஹு ஊசி!"

"என்னது? அழகு ஊசியா? முகத்துக்கு அழகு ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

மடிக்கணினியை மூடியிருக்கலாம். இன்றுவரை ஏன் மூடவில்லை என்று யோசிக்கிறேன். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பற்றிக் கவலைப்பட்டு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதுவாகக்கூட இருக்கலாம்.

என் கத்தல் கீழே மெஸ் வரைக்கும் கேட்டிருக்கிறது. நல்லம்மா அக்கா கரண்டியோடு மாடி ஏறி வந்தார். என்னைப் பார்த்தார், தட்டில் கிடந்த ஊசியைப் பார்த்தார், திரையில் தெரிந்த முகங்களைப் பார்த்தார். எனக்கும் திரைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ஏனுங்க, யாருங்க நீங்கெல்லாம்? புள்ளைய எதுக்குங்க கையத் தூக்கச் சொல்றீங்க?"

"அம்மா, டாக்டருக்கு வாய் கோணியிருக்கு. பக்கவாதமா இருக்கலாம்" என்றார் பேராசிரியர்.

"வாதமுமில்ல, கீதமுமில்லீங்க. பல்லு வலி. ஒரு வாரமா எங்கூட்டுக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு, வயித்து வலின்னு எங்கிட்டப் பொய் சொல்லிக்கிட்டுக் கெடக்குது. தனக்குத் தானே ஊசி போட்டுக்கிச்சாட்ட இருக்குதுங்க. பின்ன யாரு போடுவாங்க? இங்க வேற பல்லு டாக்டரு இருக்கறாங்களா?"

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் அன்றே அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன். அவர் திரைக்கு இன்னும் கிட்டே போனார்.

"ஒத்தையாக் கெடக்குதுங்க. பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளில்ல. சாயந்தரமானா அந்த நாக்காலிகிட்டப் பேசிக்கிட்டிருக்குது. கீழ எனக்குக் கேக்குமுங்க."

எச்சில் ஒழுகியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இது தெரிந்தது. நாற்காலியோடு நான் பேசியது நாற்காலிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஒரு வருடமாக நினைத்திருந்தேன். தூக்கிய கைகளை இறக்கவும் மறந்து நின்றேன். இருநூறு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், நீங்க ஓய்வெடுங்க. நாம அடுத்தவருக்குப் போகலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் படியில் நின்றார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர், "பேஷண்ட் யாருங்க?" என்றார். என்னைக் காட்டிக்கொண்டேன். "இங்க டாக்டர் யாருங்க?" என்னையே காட்டிக்கொண்டேன். அவர் நல்லம்மா அக்காவைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டில் நடந்ததை எழுதி நீட்டினேன். படித்து முடிக்கும் வரை அவர் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்தார், நாடி பார்த்தார். வண்டிக்குத் திரும்பிப் போனபோதுதான் அவர் தோள்கள் குலுங்கின.

அவர்கள் போன பிறகு போனில் ஒரு செய்தி இருந்தது. 'நான் வசந்தா. வகுப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் கிளினிக். இப்போதே பஸ் ஏறுங்கள். காத்திருக்கிறேன்.'

நல்லம்மா அக்கா மெஸ்ஸை விட்டுவர முடியாது. ஒரு துண்டை மட்டும் கையில் கொடுத்து, "தொடச்சுக்கிட்டே போங்க கண்ணு" என்று பஸ் ஏற்றிவிட்டார். நாக்கு கடிபட்டுவிடக்கூடாது என்று துண்டை வாயில் கவ்விக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. சோளக்காடு நிறுத்தத்தில் ஏறிய ஒருவர், பலாப்பழத்தை அந்த சீட்டில் வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். மலை இறங்க எழுபது வளைவுகள். முப்பதாவது வளைவில் நாக்கு திரும்பி வந்தது. ஐம்பதாவது வளைவில் உதடு வந்தது. அடிவாரம் வந்தபோது வலியும் வந்து சேர்ந்துவிட்டது.

வசந்தா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவரும் ஒற்றை ஆள், ஒற்றை நாற்காலி. என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல், "உக்காரு" என்றார்.

படிப்பு முடிந்த பிறகு நான் பல் டாக்டர் நாற்காலியில் படுத்துக் கூரையைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு பல்லிதான். என் நோயாளிகள் எல்லாம் இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்களா? அவர் ஒரே ஓர் ஊசி போட்டார், சரியான பக்கத்தில். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டி, வேரைத் திறந்து, மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக விட்டுச் சுத்தம் செய்தார். அவர் இடது கை முழு நேரமும் என் தாடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. தாடை ஆடாமல் இருக்க நாங்கள் எல்லோரும் செய்வதுதான் அது. நானும் தினமும் செய்கிறேன். ஆனால் இன்னொரு மனிதக் கை என் முகத்தில் பட்டு எத்தனை மாதமாகியிருந்தது என்று நினைத்துப் பார்த்தபோது, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதா?" என்றார்.

வாயில் ரப்பர். தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அவர் கம்பியை வைத்துவிட்டு, பஞ்சால் என் காதைத் துடைத்தார். "அழுதுக்கோ. எனக்கு அவசரமில்லை. சாயந்திரம் வரைக்கும் யாரும் வரமாட்டாங்க" என்றார்.

முடிந்து எழுந்தபோது, அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் மேல ஒரு பல்லு ரெண்டு வருஷமா கூச்சம். யாருகிட்டக் காட்டறது?" என்று சொல்லிவிட்டு, நான் எழுந்த நாற்காலியிலேயே ஏறிப் படுத்து வாயைத் திறந்தார். நான் கை கழுவப் போனேன்.

வேர் சிகிச்சை வகுப்பு நடந்த அதே நேரத்தில் எனக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததால், அந்த வகுப்புக்கு எனக்குப் புள்ளி கிடைக்கவில்லை. பணியிடப் பாதுகாப்புக்கு முழுப் புள்ளி வந்தது. அதோடு பேராசிரியரிடமிருந்து பணிவான கடிதம் ஒன்று: அந்த மூன்று நிமிடப் பதிவை, தனியாக வேலை செய்பவர்களுக்கான பாடத்தில் காட்ட அனுமதி உண்டா? கொடுத்தேன். ஒவ்வொரு தடவை புள்ளிக்காக அந்த வகுப்பில் உட்காரும்போதும், நான் கையைத் தூக்குவதை நானே பார்க்கிறேன். வசந்தா அக்கா பிறகு கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு கோவைக்குப் போய்விட்டார். நான் இன்னும் செம்மேட்டில்தான் இருக்கிறேன்.

அந்தப் பதிவு எங்கெங்கோ சுற்றி ராசிபுரத்துக்கும் போனது. அம்மா முதலில் திட்டினார். பிறகு அழுதார். மூன்றாவது நாளிலிருந்து அதைக் கேலியாக்கிவிட்டார். மலைச் சிக்னலில் என் குரல் விட்டு விட்டுக் கேட்டால், "என்ன சாமி, மறுபடியும் ஊசி போட்டுக்கிட்டியா?" என்பார். தம்பியும் அதையே கேட்கிறான், அவன் மனைவியும் கேட்கிறாள், பேசக் கற்றுக்கொண்ட அவர்கள் குழந்தைகூடக் கேட்கிறது.

போன ஐப்பசியில் ஒரு சாயந்திரம், நாள் முழுக்க மழை, ஒருவரும் வரவில்லை. அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுத்து "அம்மா" என்று சொல்லப் போனேன், தொண்டை அடைத்துக்கொண்டது. ஒன்றுமில்லை; சும்மா அடைத்துக்கொண்டது. சிக்னல் நன்றாகவே இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன சாமி, ஊசி போட்டுக்கிட்டியா?"

"ஆமாம்மா."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தாம்மா."

"சரி. மரப்பு எறங்கற வரைக்கும் நீ பேச வேண்டாம். நான் பேசறேன், கேட்டுக்கிட்டிரு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊட்டு எருமை கன்று போட்ட கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.